தட்டும் தராசும்

திருநெல்வேலிக்காரர்களுக்கு ருசி விஷயத்தில் விட்டுக்கொடுக்கும் குணம் கிடையாது. அல்வாவானாலும் சரி, ஆற்றுத் தண்ணீரானாலும் சரி, கைவசம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். பாபநாசத்துத் தண்ணீருக்கும் குறுக்குத்துறைத் தண்ணீருக்கும் வித்தியாசம் சொல்லக்கூடிய நாக்குகளை நான் பார்த்திருக்கிறேன். நாக்கே இப்படி என்றால் காதைப் பற்றிக் கேட்க வேண்டுமா? நெல்லையப்பர் கோயிலில் கல்தூணைத் தட்டி ஸ்வரம் கேட்டு வளர்ந்த ஊர் இது. இந்த ஊரில் சங்கீதத்தைப் பற்றி இரண்டு பேர் பேசினால் மூன்று அபிப்பிராயங்கள் இருக்கும்.

பழைய கிராமபோன் தட்டுகளைச் சேர்க்கிறவர்கள் கூடும் இடத்தில் ஒரு கேள்வி கட்டாயம் எழும். "எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாது. அவசியம் இருந்தே தீரவேண்டிய தட்டுகள் எவை?" என்பதுதான் அது. உடனே ஒருவர் ஜாபிதா போடுவார். இன்னொருவர் அதைக் கிழிப்பார். பொழுது இருட்டிவிடும்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள வியாதியல்ல. அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் சங்கீதத்தின் ரசிகர்களிடம் போய்ப் பாருங்கள். 'இன்றியமையாத ஜாஸ் ஆல்பங்கள்' என்று அவர்கள் போட்ட ஜாபிதாக்களை அடுக்கினால் வீட்டுக் கூரையைத் தொடும். 1959-ல் வெளிவந்த மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' அவற்றில் அநேகமாக முதல் வரிசையில் நிற்கும். அதற்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் சண்டைதான்.

இந்தச் சண்டைகளைப் பொழுதுபோக்கு என்றே நான் வெகுநாள் எண்ணியிருந்தேன். அதில் உயிர் போகிற காரியமும் உண்டு என்பது சில வருஷங்களுக்கு முன் டவுனில், மேலரத வீதிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டில்தான் தெரிந்தது.

அந்த வீட்டுப் பெரியவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் வெளியூர்களில் இருந்தார்கள். வீட்டை விற்பதாக ஏற்பாடு. பெரியவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த தட்டுகள் ஐந்நூறுக்கு மேல், மரப் பீரோவில் அடுக்கியபடி இருந்தன. பழைய சாமான்காரர் சாவி கொடுக்கும் பெட்டிக்குத்தான் விலை சொன்னார். தட்டுகளை எடைக்குப் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். "மாமா, உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்புறப்படுத்த வேண்டும்" என்று மூத்த பிள்ளை பெரியவரின் சிநேகிதர்கள் இரண்டு பேரிடம் சொல்லியிருந்தார். அவர்களுடன் நானும் போயிருந்தேன்.

ஒருவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். இன்னொருவர் பாங்கியில் கணக்கராக இருந்தவர், வயதில் இளையவர்.

"அண்ணாச்சி, நூறு பிளேட் போதும். நல்லதா நூறு எடுத்துட்டா மிச்சத்தை வச்சுக்கிட்டு என்ன செய்ய? எங்க வைக்க?" என்றார் கணக்கர்.

"எது நல்லதுன்னு நீரு யாருவே சொல்லதுக்கு?" என்றார் ஆசிரியர்.

அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் தட்டின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

1902-ம் வருஷக் கடைசியில் பிரெட் கெய்ஸ்பெர்க் என்ற அமெரிக்கர், லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளராகக் கல்கத்தாவுக்கு வந்தார். அங்கே கௌஹர் ஜான் என்ற பாடகி, அகன்ற ஊதுகுழல் ஒன்றின் வாயில் முகத்தை வைத்துப் பாடினார். பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே இங்கிலீஷில் சத்தமாகச் சொன்னார். பெருமைக்காக அல்ல. மெழுகில் பதிந்த அந்தப் பாட்டு ஜெர்மனியில் ஹானோவர் நகரத் தொழிற்சாலைக்குப் போய்த்தான் தட்டாக அச்சாக வேண்டும். அங்கே உள்ளவர்களுக்கு இது யார் பாட்டு என்று தெரியவேண்டுமே! 1908-ல் கல்கத்தா ஸியால்டாவில் தொழிற்சாலை வந்த பிறகுதான் இந்தக் கடல் யாத்திரை நின்றது.

தட்டைச் செய்த பொருள் நம் நாட்டுச் சரக்குத்தான். அரக்குப் பூச்சி தரும் அரக்கோடு கல்பொடியும் கரியும் கலந்து அழுத்தினால் தட்டு. நிமிஷத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷமும் சில விநாடிகளும் கிடைக்கும். வித்வான்கள் தயங்கியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். மூன்று நிமிஷத்தில் ராகத்தைக் கூப்பிடவாவது முடியுமா, அது வந்து உட்காருவது எப்போது? தெருவில் போகிறவனெல்லாம் காசு கொடுத்துத் தன் பாட்டைக் கேட்பதா என்ற கௌரவப் பிரச்னையும் இருந்தது.

அந்தத் தயக்கத்தின் இடைவெளியில் புகுந்தவர்கள் பெண்கள். கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி, காஞ்சீபுரம் தனகோடி அம்மாள் என்று, தேவதாசி மரபிலும் பரம்பரைச் சங்கீதக் குடும்பங்களிலும் வந்தவர்கள் ஊதுகுழல் முன் நின்று பாடினார்கள். தென்னாட்டுச் சங்கீதத்தின் முதல் ஓசைப் பதிவுகளில் பெரும் பங்கு அவர்களுடையது. கோயம்புத்தூர் தாயியின் தட்டு எங்கே போயிற்று தெரியுமா? 1912-ல் இந்தியாவுக்கு வந்துபோன மாரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அந்தக் குரலில் சொக்கிப்போனார். ஊருக்குத் திரும்பி அவர் எழுதிய இந்தியக் கவிதைப் பாடல்களில் அந்தத் தட்டின் சாயல் இருக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். பாரிஸில் ஒருவர் தாயியின் நெளிவு சுளிவுகளை ஸ்வரப்படுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஊர்ப் பெரிய வீடுகளில் என்ன நடந்தது? காலம் மாறிற்று, கௌரவத்தின் அளவுகோல் மாறிற்று. 1947-ல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் வேண்டியதுதான், பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழியவேண்டியதுதான். ஆனால் வழக்கத்தோடு சேர்த்து அவர்கள் பாட்டையும் ஒழித்துக்கட்டும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதை நம்முடைய ருசி, தானாகவே முன்வந்து செய்துவிட்டது. 'இதெல்லாம் வீட்டில் இருக்கக்கூடாது' என்று எத்தனை தட்டுகள் புறக்கடைக்குப் போயின என்பதற்குக் கணக்கே இல்லை.

அடுத்தபடி நாடகக்காரர்கள். 1925-ல் மைக் வைத்து மின்சாரத்தில் பதியும் முறை அமெரிக்காவில் வந்தது. பிறகு இங்கும் வந்தது. ஊதுகுழலுக்குள் கத்த வேண்டிய அவசியம் போயிற்று. 1930களில் தமிழ்நாட்டில் தட்டு வியாபாரம் வெள்ளமாகப் பெருகிற்று. அந்த வெள்ளத்தில் முதலில் மிதந்தது நாடகப் பாட்டு.

இங்கேதான் நம் சீமை வருகிறது. குற்றாலத்து அருவியிலிருந்து இறங்கி வரும் சிற்றாறு கடைசியில் தாமிரபரணியில்தான் கலக்கிறது. அந்தப் பக்கத்துச் செங்கோட்டையில் 1906-ல் பிறந்தவர் எஸ்.ஜி. கிட்டப்பா. செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956-ல்தான் நெல்லை ஜில்லாவோடு சேர்ந்தது. 2019 முதல் தென்காசி ஜில்லா. எந்த ஜில்லாவாக இருந்தால் என்ன, அவர் தட்டு ஓடாத ஊர் கிடையாது. தியாகராஜரின் 'எவரனி' கீர்த்தனையும் அவர் தட்டில் உண்டு. ராமலிங்க சுவாமிகளின் அருட்பாவும் உண்டு. வள்ளி திருமணத்து வேடன் பாட்டும் உண்டு. 1933 டிசம்பரில் அவர் காலமானபோது வயது 27. இருபத்தேழு வயதில் போனவரின் குரலைத் தட்டு பிடித்து வைத்திருக்காவிட்டால் இன்று அவர் வெறும் வதந்தி.

ஆனால் அவர் விஷயத்திலும் தகராறு ஓய்ந்தபாடில்லை. 'கீர்த்தனைத் தட்டுகள்தாம் உசத்தி. நாடகப் பாட்டு கூட்டத்துக்குப் பாடியது' என்பது ஒரு கட்சி. 'நாடகப் பாட்டில்தான் அவர் முழுசாக இருக்கிறார். கீர்த்தனை மெருகுக்காக' என்பது மற்றொரு கட்சி. 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது, எந்தப் பாஷைப் பாட்டு என்ற சண்டையும் இதில் வந்து சேர்ந்துகொண்டது. பாவம், கிட்டப்பா மூன்றையும் ஒரே தொண்டையால்தான் பாடினார்.

மேலரத வீதி வீட்டில் சண்டை கிட்டப்பாவோடு நிற்கவில்லை. காருகுறிச்சியில் வந்து முற்றிற்று.

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் போகும் ரயிலில் ஏறினால் சேரன்மகாதேவியை அடுத்து வரும் ஊர் காருகுறிச்சி. 1921-ல் அங்கே பிறந்த அருணாசலம், நாகஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடரானார். குருநாதரின் தோடி ராகத் தட்டு தமிழ்நாடு முழுவதும் ஒலித்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோயில் புறப்பாட்டில் மணிக்கணக்காகத் தோடி வாசிப்பவரை இரண்டு பக்கத்துத் தட்டில் அடக்கினார்கள். அது யானையைப் பெட்டிக்குள் அடைத்ததுபோலத்தான். ஆனாலும் பெட்டிக்குள் இருப்பது யானை என்று தெரிந்தது, அதுவே அதிசயம். ராஜரத்தினம் பிள்ளை 1956-ல் மறைந்தார். சீடரோ 1964-ல், 43 வயது நிறைவதற்குள் போய்விட்டார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போட்டு அவர் வாசித்த ஆபேரி ராகப் பாட்டுத்தான் உலகம் அறிந்த காருகுறிச்சி.

அந்தத் தட்டைக் கணக்கர் முதல் ஆளாக எடுத்துத் தம் நூறில் வைத்தார்.

"அது சினிமா பிளேட்டுல்லா!" என்றார் ஆசிரியர்.

"சினிமான்னா என்ன அண்ணாச்சி? வாசிச்சது அவருதான?"

ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நான் சின்னப் பையனா இருக்கும்போது ஒரு கல்யாணத்துல கேட்டிருக்கேன்வே. ராத்திரி ஊர்கோலம். நாலு தெருவச் சுத்தி வரதுக்குள்ள விடிஞ்சிட்டு. அது எந்த பிளேட்டுல இருக்கு? எடுத்துக் குடும் பாப்போம்."

யாராலும் எடுத்துக் கொடுக்க முடியாது. ஜாபிதா போடுகிறவர்கள் அடிக்கடி மறந்துபோகும் விஷயம் இதுதான். தட்டுகளின் வரிசை வேறு, சங்கீதத்தின் வரிசை வேறு. தட்டில் ஏறியது மட்டும்தான் நம் தராசுக்கு வருகிறது. எது ஏறவேண்டும் என்பதை மூன்று நிமிஷமும் கம்பெனியின் வியாபாரமும் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டன.

ஜாஸ் சரித்திரத்தைப் பார்த்தால் இது இன்னும் துலாம்பரமாகத் தெரியும். அந்தச் சங்கீதத்தை உருவாக்கியவர்கள் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்கள். ஆனால் 1917-ல் வெளிவந்த முதல் ஜாஸ் தட்டு ஒரு வெள்ளைக்கார கோஷ்டியுடையது. லூயி ஆம்ஸ்ட்ராங் சிக்காகோவில் தம் சொந்தக் கோஷ்டியோடு பதிவு செய்தது 1925 முதல்தான். 1942 ஆகஸ்டில் அமெரிக்க வாத்தியக்காரர்களின் சங்கம் கம்பெனிகளோடு தகராறு செய்து, தட்டுக்கு வாசிப்பதில்லை என்று வேலைநிறுத்தம் செய்தது. பெரிய கம்பெனிகளோடு அது தீர 1944 கடைசி ஆயிற்று. பீபாப் என்ற புதுப் பாணி நியூயார்க் விடுதிகளில் பிறந்து வளர்ந்தது அந்த வருஷங்களில்தான். ஒரு பெரிய மாறுதலின் குழந்தைப் பருவம் அநேகமாகத் தட்டே இல்லாமல் கழிந்துவிட்டது. போதாக்குறைக்கு அது யுத்த காலம். நம் நாட்டு அரக்குக்குத் தட்டுப்பாடு. பழைய தட்டுகளைச் சேகரித்து உருக்கிப் புதுத் தட்டு செய்தார்கள். எந்தத் தட்டை உருக்கலாம் என்று முடிவு செய்தது யார்? அன்றைய ருசிதான்.

'ஆல்பம்' என்ற சொல்லுக்குக்கூட ஒரு கதை உண்டு. பல தட்டுகளைக் காகித உறைகளில் போட்டுப் போட்டோ ஆல்பம்போலக் கட்டி விற்றதால் வந்த பெயர் அது. 1948-ல் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும் எல்.பி. தட்டு வந்தபின் ஒரே தட்டு ஆல்பமாகிவிட்டது. இன்றைய 'இன்றியமையாத ஆல்பம்' ஜாபிதாக்களில் 1950களும் 60களும் மலிந்து கிடப்பதன் ரகசியத்தில் பாதி இதுதான். அதற்கு முந்தியவர்கள் குறைந்தவர்கள் என்பதல்ல; அவர்கள் ஆல்பமாக வாசிக்கவில்லை, மூன்று மூன்று நிமிஷமாக வாசித்தார்கள். கேள்வியை எப்படிக் கேட்கிறோமோ அப்படித்தானே பதில் வரும்?

இந்தச் சங்கீதத்துக்காக பாரிஸில் இரண்டு சிநேகிதர்கள் இருந்தார்கள். யூக் பனாஸியே, ஷார்ல் தெலோனே என்று பெயர். 1930களில் ஜாஸ் ரசிகர் சங்கத்தை வளர்த்தவர்கள் இவர்கள். பனாஸியே தீர்ப்புச் சொல்லுகிறவர். 1934-ல் எழுதிய புத்தகத்தில் எது அசல் ஜாஸ், எது போலி என்று பிரித்துக் காட்டினார். தெலோனே கணக்கெழுதுகிறவர். 1936-ல் அவர் வெளியிட்ட பட்டியலில் எந்தத் தட்டு, என்றைக்குப் பதிந்தது, எந்த வாத்தியத்தை யார் வாசித்தார்கள் என்று விவரம் கொடுத்தார். தட்டின் மேல் ஒட்டிய சீட்டில் பெயரில்லாத வாத்தியக்காரர்களுக்கு அந்தப் பட்டியல்தான் பெயர் கொடுத்தது. யுத்தம் முடிந்து பீபாப் தட்டுகள் பாரிஸுக்கு வந்தன. இது ஜாஸே அல்ல என்றார் பனாஸியே. தெலோனே அதை வரவேற்று ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டினார். 1947-ல் சங்கம் இரண்டாக உடைந்தது. ஒரு தட்டைக் கேட்டுச் சிநேகிதம் முறிந்த கதை இது.

பாரிஸ் எதற்கு? வண்ணாரப்பேட்டைக்கே வரலாம். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வீட்டில் கூடிய வட்டத்தொட்டியைப் பற்றிக் கேள்விப்படாத நெல்லைக்காரர் இருக்க முடியாது. ஒரு செய்யுளை எடுத்துத் திரும்பத் திரும்பப் பாடிக் காட்டி, கேட்கிறவன் தலை தானாக ஆடும்வரை விடமாட்டாராம். அனுபவிக்கக் கற்றுக்கொடுத்த மகான் அவர். கம்பனிடம் வந்தபோது, தம் ரசனைக்கு ஒத்த பாட்டுகளைத் தேர்ந்து தந்தார். மற்றவற்றில் மிகப் பலவற்றை இடைச்செருகல் என்று தள்ளினார். அதாவது கம்பனுக்கே 'இருந்தே தீரவேண்டிய' ஜாபிதா போட்டுவிட்டார்.

அதே ஜில்லாவில் பிறந்து, அதே போல வக்கீல் படிப்புப் படித்த இன்னொருவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. 1926 முதல் பத்து வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்ஸிகனின் பதிப்பாசிரியர். அவர் வழி வேறு. கிடைக்கிற ஏடுகளையெல்லாம் சேர், ஒன்றோடொன்று ஒப்பிடு, வேறுபாட்டைக் குறித்து வை, பிறகு பேசு. அவர் சேர்த்த நூல்களும் ஏடுகளும் கல்கத்தாவில் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இன்னும் அங்கே இருக்கின்றன.

டி.கே.சி. 1954-ல் காலமானார்; வையாபுரிப் பிள்ளை 1956-ல். இருவரில் யார் பெரியவர் என்று கேட்டு நான் அடி வாங்கத் தயாராக இல்லை. ஆனால் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். டி.கே.சி. தள்ளிய பாட்டுகள் இன்று நம்மிடம் இருக்கின்றன. அவர் தள்ளியது சரியா தப்பா என்று நாம் வாதாடலாம். ஏன் வாதாட முடிகிறது? ஏடுகளை வேறு யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள். ரசிகமணியின் ரசனை தைரியமாகத் தேர்ந்தெடுத்ததற்குத் துணை நின்றது, தேர்ந்தெடுக்காமல் காத்தவர்களின் பொறுமை.

தட்டுக்கு அந்த வசதி கிடையாது. ஆயிரக்கணக்கில் அச்சானதுதான், ஆனாலும் அரக்கு கைதவறினால் உடையும். தாய் அச்சுகள் பலவற்றைக் கம்பெனிகளே பாதுகாக்கவில்லை. எனவே மேலரத வீதிப் பீரோவில் இருந்த ஒரு தட்டு, எங்கோ இன்னொரு பிரதி உள்ள தட்டாகவும் இருக்கலாம். அந்தப் பாட்டுக்கு உலகத்திலேயே கடைசி உயிராகவும் இருக்கலாம். மேலே ஒட்டிய சீட்டைப் பார்த்தால் எது எதுவென்று தெரியாது.

அன்று என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? கணக்கர் நூறு தட்டை எடுத்துவிட்டார். தேர்வு அருமையானதுதான், அந்த நூறுக்கு மட்டும் ஒருவர் மூன்று மாதம் தூக்கமில்லாமல் காது கொடுக்கலாம். ஆசிரியர் மிச்சத்தைப் பார்த்தபடி நின்றார். அதில் கோமாளிப் பாட்டு இருந்தது. சுதேசிப் பாட்டு இருந்தது. ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயர் மட்டும் ஒட்டிய, சீட்டுப் பாதி கிழிந்த தட்டுகளும் பதினைந்து இருபது இருந்தன. "இவ யாருன்னு உமக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றார் கணக்கர். "தெரியாததை எப்படிவே வேண்டாம்னு சொல்லது?" என்றார் ஆசிரியர். பிறகு ஒரு வாடகை ஆட்டோ வந்தது. மிச்ச நானூறும் ஆசிரியர் வீட்டு மச்சில் ஏறின. அவர் மனைவி அன்றைக்கு என்ன சொன்னார் என்பதை நான் எழுதப்போவதில்லை.

என் கட்சி இதுதான். ஜாபிதா போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். ருசியில்லாதவன் சேர்ப்பது சேகரம் அல்ல, சரக்குக் கிடங்கு. புதிதாகக் கேட்க வருகிற பையனிடம் ஐந்நூறு தட்டைக் காட்டினால் அவன் ஓடிப்போவான். நாலு தட்டைப் போட்டுக் காட்டினால் மறுநாளும் வருவான். ஆனால் ஜாபிதா, கேட்பதற்கு வழிகாட்டியாக இருக்கவேண்டும்; அழிப்பதற்கு அனுமதிச்சீட்டாகிவிடக் கூடாது. ஒரு தலைமுறையின் காது அடுத்த தலைமுறைக்கும் சேர்த்துத் தீர்ப்பெழுதினால், மேல்முறையீட்டுக்கு இடமே இல்லாமல் போய்விடும்.

இன்று ஒரு தட்டின் ஓசையைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்க ஒரு காசு இடம் வேண்டியதில்லை. இட நெருக்கடி என்ற பழைய சாக்கு செல்லாது. வீட்டு மச்சிலோ பரணிலோ ஒரு கட்டுத் தட்டு உங்களிடம் இருக்குமானால், அது நல்ல சங்கீதமா என்று முதலில் கேட்காதீர்கள். மெல்லிய துணியால் துடையுங்கள், நிமிர்த்தி வையுங்கள், சீட்டில் உள்ள பெயரையும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஓட்டத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நல்லதா கெட்டதா என்ற சண்டையைப் பிறகு, ஆற அமர உட்கார்ந்து, வேண்டிய மட்டும் போடலாம்.

ஊதுகுழலின் முன்னால் நின்ற கௌஹர் ஜான், கடலுக்கு அப்பாலிருந்த முகம் தெரியாத தொழிலாளி புரிந்துகொள்ளட்டும் என்று தன் பெயரைச் சொன்னார். அந்த நாளில் வேறு பலரும் அப்படிச் சொன்னார்கள். அவர்கள் கேட்டது நம் பாராட்டையல்ல. பாட்டோடு தங்கள் பெயரும் போய்ச் சேரவேண்டும் என்பதைத்தான்.